கடன் யார் தலையில்? சிறுதொழில் தொடங்குவோருக்குச் சட்ட வடிவம் பற்றி ஓர் எளிய விளக்கம்

காரைக்குடிப் பக்கம் புதிதாகப் பலகாரக் கடையோ, கண்டாங்கிச் சேலை விற்பனையோ, ஆத்தங்குடிக் கல் பட்டறையோ தொடங்கியவரிடம் “தொழிலை எந்த வடிவத்தில் பதிந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கியாச்சு, உத்யமும் எடுத்தாச்சு” என்று பதில் வரும். கேட்டது ஒன்று, சொன்னது வேறு.

ஜி.எஸ்.டி. எண் வரி வசூலித்துக் கட்டுவதற்கானது. உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று மத்திய அரசு தரும் சான்று. அரசுத் தளத்தில் ஆதாரையும் பான் அட்டையையும் வைத்துக்கொண்டு ஒரு பைசா செலவில்லாமல் எடுத்துவிடலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாற வேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவும், மாநகராட்சியோ ஊராட்சியோ தரும் தொழில் உரிமமும் அனுமதிகள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு அந்தச் சேலைக்கு உரியது, அதை விற்கும் கடைக்கு அது எந்த வடிவமும் தருவதில்லை.

சட்ட வடிவம் என்பது வேறு விஷயம். தொழில் கடன்பட்டால், சரக்கு கெட்டு யாராவது வழக்குப் போட்டால், சட்டம் யாரைக் கூப்பிட்டுக் கேட்கும்? அதைத் தீர்மானிப்பதுதான் சட்ட வடிவம். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

## வாடகைப் பாத்திரக் கடையில் யார் கையெழுத்து?

ஒரு விசேஷத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கிறோம். திருப்பும்போது ஒரு பெரிய அண்டாவைக் காணவில்லை. ரசீதில் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் முழுப் பணமும் உங்கள் பொறுப்பு. நீங்களும் மச்சானும் சேர்ந்து எடுத்து, இருவரும் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தால், கடைக்காரர் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழு விலையையும் கேட்கலாம். “என் பங்கு பாதிதான்” என்று அவரிடம் சொல்ல முடியாது. அது உங்களுக்கும் மச்சானுக்கும் உள்ள கணக்கு. பதிவு பெற்ற ஊர்ச் சங்கம் தன் பெயரில் எடுத்து, செயலாளர் சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால், கடைக்காரர் சங்கத்தின் பணத்தைத்தான் கேட்க முடியும். செயலாளர் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியாது.

தொழிலிலும் இந்த மூன்றுதான். மூன்றாவது வகையில் சங்கத்தைச் சட்டம் தனி ஆளாகவே பார்க்கிறது. சொந்தப் பெயரில் சொத்து வாங்கவும், கடன்படவும், வழக்குப் போடவும் உரிமையுள்ள இப்படிப்பட்ட அமைப்புக்குச் ‘சட்ட நபர்’ என்று பெயர். தனி ஆள் தொழிலும் கூட்டு வியாபாரமும் சட்ட நபர் அல்ல. எல்.எல்.பி.யும் (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை, பின்னால் பார்ப்போம்) கம்பெனியும் சட்ட நபர்கள்.

## தனி ஆள் தொழில்

இதற்கென்று தனிச் சட்டமோ பதிவோ இல்லை. இன்று முறுக்கு சுட்டு விற்றால் இன்றே நீங்கள் ஒரு புரொப்ரைட்டர். உங்கள் பான்தான் கடையின் பான். கடைக்கு எந்தப் பெயரை வைத்தாலும் சட்டத்துக்கு அது நீங்கள்தான். கடையின் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கத்தான் வங்கி ஆதாரம் கேட்கும். ஜி.எஸ்.டி., உத்யம், தொழில் உரிமம் போன்றவற்றில் பொதுவாக இரண்டு கொடுக்க வேண்டியிருக்கும்.

பொறுப்புக்கு இதில் வரம்பே கிடையாது. கடைக் கடனுக்கு வீடு, நகை, சேமிப்பு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வரியில் இதுதான் எளியது. கடை லாபம் உங்கள் சொந்த வருமானத்தோடு சேரும். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி போக வரி இல்லை. வருடம் 9 லட்சம் லாபம் வரும் ஒருவர், வேறு வருமானம் இல்லாவிட்டால், வருமான வரியே கட்டப்போவதில்லை. ஆகவே “வரி மிச்சமாகும், கம்பெனி ஆரம்பியுங்கள்” என்று இந்த நிலையில் உள்ளவருக்கு யாராவது சொன்னால், கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பொருளைக் கைப்பணத்துக்கு வாங்கிக் கைப்பணத்துக்கு விற்கிற, கடன் அதிகம் வாங்காத தொழிலுக்கு இந்த வடிவமே போதும்.

## கூட்டு வியாபாரம்: எழுதாவிட்டாலும் கூட்டுதான்

செட்டிநாட்டில் அதிகம் குழப்பம் நடப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். இருவரோ பலரோ (50 பேர் வரை) லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டு, எல்லோருமோ எல்லோருக்காக ஒருவரோ நடத்தும் தொழில்தான் கூட்டு வியாபாரம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இதற்குப் பொருந்தும். ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் செல்லும். “நாங்க எதுவும் எழுதிக்கலையே, அதனால பார்ட்னர்ஷிப் இல்லை” என்பது தவறு. எழுதாமல் விட்டால் சட்டமே சில விதிகளை நிரப்பிக்கொள்ளும். அதில் முக்கியமானது: யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சரிசமம். 8 லட்சம் போட்ட நாத்தனாரும் 1 லட்சம் போட்ட அண்ணியும், எழுத்தோ வேறு ஏற்பாடோ இல்லாவிட்டால், பாதிப் பாதிதான்.

அடுத்த விதி இன்னும் கடுமையானது. தொழிலின் வழக்கமான காரியங்களில் ஒரு கூட்டாளி செய்வது எல்லோரையும் கட்டும். ஒருவர் மட்டும் போய் மூன்று லட்சத்துக்கு எண்ணெயும் நெய்யும் கடனாக எடுத்தால், மண்டிக்காரர் மற்றவரிடம் முழு மூன்று லட்சத்தையும் கேட்கலாம். விலகிப் போனவர்களும் கவனிக்க வேண்டும். விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாதவரை, அதன் பிறகு தொழில் பட்ட கடனுக்கும் பொறுப்பு உங்களைத் தொடரலாம். “நான்தான் போன வருஷமே விலகிட்டேனே” என்பது மண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பத்திரம் எழுதுவது ஒன்று, பதிவது வேறு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் அது பதிவு ஆகாது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பதியாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. வெளியாள் உங்கள் மேல் போடலாம். ஆத்தங்குடிக் கல்லை மதுரையிலோ பெங்களூரிலோ உள்ள ஒப்பந்தக்காரருக்குக் கடனுக்கு அனுப்பும் பட்டறை பதிவில்லாமல் இருந்தால், பணம் வராதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்குக்கு அது உதவாது.

## பத்திரத்தில் ஒரு வரி, இரண்டேகால் லட்சம் வித்தியாசம்

கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் எனும் கூடுதல் வரி, ஆக 31.2 சதவீதம். தனி ஆளுக்குள்ள 12 லட்சச் சலுகை நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனால் உழைக்கும் கூட்டாளிகளுக்குச் சம்பளம் கொடுத்தால், சட்டம் சொல்லும் அளவுவரை அதை லாபத்திலிருந்து கழிக்கலாம். அந்தச் சம்பளம் பத்திரத்தில் தொகையாகவோ கணக்கிடும் முறையாகவோ எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரு கூட்டாளிகள், சம்பளத்துக்கு முன் லாபம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், அதாவது 5,40,000. மீதி 3 லட்சத்தில் 60 சதவீதம், 1,80,000. ஆக 7,20,000 ரூபாய் வரை சம்பளமாகக் கழிக்கலாம். மிஞ்சும் 1,80,000-க்கு மட்டும் வரி: 56,160 ரூபாய். கூட்டாளி ஒவ்வொருவருக்கும் 3,60,000 சம்பளம் வரும். வேறு வருமானம் இல்லாவிட்டால் அதற்கு வரி இல்லை.

பத்திரத்தில் சம்பளப் பேச்சே இல்லையென்றால்? முழு 9 லட்சத்துக்கும் வரி: 2,80,800. ஒரு பத்தி எழுதாததற்கு விலை 2,24,640 ரூபாய். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்றால், திருத்தப் பத்திரத்தின் தேதிக்குப் பிறகான சம்பளத்துக்குத்தான் அது செல்லும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கூட்டாளிக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருடம் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டவும் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பத்திரத்தில் விடக்கூடாத மற்றவை: முதல் யார் எவ்வளவு, லாப விகிதம், முதலுக்கு வட்டி (வருடத்துக்கு 12 சதவீதம் வரைதான் செலவாகக் கழிக்கலாம்), வங்கியில் யார் கையெழுத்து, எவ்வளவுக்கு மேல் கடன் வாங்க எல்லோர் சம்மதமும் வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது. கடைசியில் சொன்னதில்தான் உறவு முறிகிறது. கடல் கடந்து கடை வைத்த காலத்திலேயே நகரத்தார் ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் இருப்புக் கணக்கு) எடுத்துக் கணக்கு முடித்தார்கள். அதே ஒழுங்கில் ஆண்டுதோறும் ஐந்தொகை எடுத்து எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால், விலகும்போது மதிப்புக்குச் சண்டை பாதியாகக் குறையும்.

இறப்பு பற்றியும் எழுத வேண்டும். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். “தொடர்ந்து நடக்கும்” என்று எழுதியிருந்தாலும், இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒருவர் போனால் கூட்டு என்று சொல்ல ஆள் இல்லை. நம்பகமான மூன்றாவது ஒருவரைச் சிறு பங்கோடு சேர்த்துக்கொள்வது இதனால்தான். ஆனால் பங்கு எவ்வளவு சிறிதானாலும் வெளிக்கடனுக்கு அவர் பொறுப்பு முழுமையானது. அதைச் சொல்லிச் சேர்ப்பதுதான் நியாயம்.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: தனி ஆள் தொழிலில் கடன் உங்கள் தலையில். கூட்டில் உங்கள் கடனும் கூட்டாளியின் கடனும் சேர்ந்து உங்கள் தலையில். இரண்டிலும் வீடு வாசல் பாதுகாப்பில் இல்லை.

## எல்.எல்.பி.

வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை என்பதன் சுருக்கம் இது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. குறைந்தது இருவர் வேண்டும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிய வேண்டும். உள்ளே கூட்டு வியாபாரம் போலவே ஒப்பந்தப்படி நடக்கும், வெளியே சட்ட நபர். ஆகவே ஒரு கூட்டாளி வாங்கிய கடனுக்கு மற்றவரின் வீட்டைத் தொட முடியாது. மோசடி செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வரி கூட்டு வியாபாரத்துக்கு உள்ளதேதான். ஒன்று குறைகிறது. விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை தனி ஆளுக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் உண்டு, எல்.எல்.பி.க்கு இல்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கை.

கவனிக்க வேண்டியது படிவங்கள். பதிந்த 30 நாளில் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. ஒரு ரூபாய்க்கு வியாபாரம் நடக்காவிட்டாலும் இரண்டையும் போட வேண்டும். “தொடங்கவே இல்லையே, எதுக்குப் போடணும்” என்று விட்டவர்கள்தான் தாமதக் கட்டணத்தில் மாட்டுகிறார்கள்.

## பிரைவேட் லிமிடெட், ஒருவர் கம்பெனி

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் போதும். அந்த இருவரே இரண்டுமாக இருக்கலாம். ஒரு லட்சம் முதல் வேண்டும் என்ற விதி 2015-லேயே போய்விட்டது. ஒரே ஆள் என்றால் ஓ.பி.சி. எனப்படும் ஒருவர் கம்பெனி. தனக்குப் பிறகு பொறுப்பேற்க ஒரு நாமினியைப் பதியும்போதே காட்ட வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்களும் ஓ.பி.சி. தொடங்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. வெளிநாட்டில் உள்ள அந்தப் பிள்ளைகள் கூட்டு வியாபாரத்திலோ தனி ஆள் கடையிலோ பணம் போடலாம். ஆனால் போட்ட முதலைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப்போகாத முறையில்தான் பொதுவாகப் போட முடியும்.

கம்பெனியில் முதலில் பழக வேண்டியது, கல்லா உங்களுடையது இல்லை என்பது. சனிக்கிழமை கல்லாவிலிருந்து ஐயாயிரம் எடுத்து வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். சம்பளமாக எடுக்கலாம், லாபப் பங்காக எடுக்கலாம், இரண்டுக்கும் கணக்கு உண்டு. இயக்குநருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதைச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது.

விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆடிட்டர் கட்டாயம், பதிந்த 30 நாளில் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். பங்குப் பணத்தை வங்கியில் கட்டி 180 நாளுக்குள் ஐ.என்.சி-20ஏ படிவம் போட்ட பிறகுதான் வியாபாரமோ கடனோ. ஆண்டுதோறும் ஏ.ஓ.சி-4, எம்.ஜி.டி-7 என்று இரண்டு படிவங்கள் (ஓ.பி.சி.க்கும் சிறு கம்பெனிக்கும் இரண்டாவது படிவம் 7ஏ). தாமதத்துக்கு ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் போடாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். கம்பெனிகளுக்கான குறைந்த வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் வரி, சர்சார்ஜும் (வரிமேல் வரி) செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 25.17 சதவீதம்.

வெளியாள் முதலீடு வரப்போகிறது, அல்லது தொழிலே ஆபத்து உள்ளது என்றால் கம்பெனி பொருந்தும். மற்றபடி ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகையில் போட்டால் மரியாதை என்பதற்காக மட்டும் எடுப்பது வீண் செலவு என்பேன்.

## ‘லிமிடெட்’ எங்கே உதவாது

பாத்திரக் கடைக்காரர் சங்கச் செயலாளரிடம், “நீங்களும் சொந்தப் பொறுப்பில் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று கேட்டு அவரும் போட்டுவிட்டால், பாதுகாப்பு அங்கேயே போய்விட்டது. புதிய கம்பெனிக்கோ எல்.எல்.பி.க்கோ கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் இதைத்தான் கேட்கும். இதற்குத் தனிநபர் ஜாமீன் என்று பெயர். தொழிலுக்கு இருக்கப்போகும் ஒரே பெரிய கடன் வங்கிக் கடன்தான், அதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால், வரம்புள்ள பொறுப்பு உங்களுக்குத் தருவது கொஞ்சம்தான். மண்டிக் கடன், வாடகைப் பாக்கி, வாடிக்கையாளர் வழக்கு இவற்றுக்கு அது உதவும். ஆகவே முதலில் ஒரு தாளில், இந்தத் தொழில் யார் யாருக்குக் கடன்படும் என்று எழுதுங்கள். மண்டிக்கு எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு, முன்பணம் வாங்கிய ஆர்டர்களுக்கு எவ்வளவு. இதைப் பார்த்தாலே வடிவம் பாதி தெளிவாகிவிடும்.

## பொது வீட்டில் தொழில்

இங்கே மட்டும் அதிகமாக வரும் சிக்கல் இது. கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கும் பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கின்றன. அதில் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாக்கவோ, வளவை (வீட்டின் உள் முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் பலகாரம் செய்யவோ நினைக்கிறீர்கள். ஜி.எஸ்.டி.க்கும் கம்பெனிப் பதிவுக்கும் முகவரி ஆதாரம் வேண்டும். மின் கட்டண ரசீது காலமான ஐயாவின் பெயரில் இருக்கும். விண்ணப்பம் திரும்பி வரும்.

முதலில் வாரிசுச் சான்றை வைத்து மின் இணைப்பையும் வீட்டு வரியையும் இப்போதைய உரிமையாளர்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு தொழில் நடத்துபவருக்கு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து எழுதிக் கொடுக்கும் வாடகை ஒப்பந்தம். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை அலுவலகம் ஏற்றாலும், இன்னொரு பங்காளி ஆட்சேபித்தால் தொழில் நடுவில் நிற்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் தேவை. கம்பெனிப் பதிவுக்குக் கொடுக்கும் மின் ரசீது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது.

பங்காளிகளே சேர்ந்து கூட்டு வியாபாரம் செய்தால் இன்னொரு ஆபத்து உண்டு. ஆர்வத்தில் பத்திரத்தில் “எங்கள் வீட்டை முதலாகக் கொண்டுவருகிறோம்” என்று எழுதிவிடுவார்கள். அப்படிக் கொண்டுவந்த சொத்து நிறுவனத்தின் சொத்தாகிவிடும், கடன்காரருக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுதான். “வீடு உரிமையாளர்களுக்கே சொந்தம், நிறுவனம் வாடகைக்குப் பயன்படுத்துகிறது” என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

## பிறகு மாற்றலாமா?

மாற்றலாம். சிறிதாகத் தனி ஆள் தொழிலாகத் தொடங்கி, கடனும் ஆளும் கூடும்போது எல்.எல்.பி.யாகவோ கம்பெனியாகவோ மாறுவது பெரும்பாலான பலகாரக் கடைகளுக்கும் சேலை விற்பனைக்கும் சரியான வழி. முதல் நாளிலிருந்தே இருவர் என்றால், பதிவு செய்த கூட்டு நிறுவனம் அல்லது எல்.எல்.பி. பதியாத கூட்டு மட்டும் வேண்டாம்.

மாறும்போது புதிய சட்ட நபருக்குப் புதிய பான், ஆகவே புதிய ஜி.எஸ்.டி. எண். பழைய எண்ணில் மிஞ்சியிருக்கும் உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யின் வரவை) ஐ.டி.சி-02 படிவம் வழியாகப் புதியதற்கு மாற்ற வேண்டும், பழையதை ரத்து செய்த பிறகு நினைவு வந்தால் பயனில்லை. கடைப்பெயரின் டிரேட்மார்க் உங்கள் பெயரில் இருந்தால் அதையும் எழுத்து மூலம் மாற்ற வேண்டும். சிறுதொழில் என்ற முறையில் இணையம் வழி விண்ணப்பித்தால் டிரேட்மார்க் கட்டணம் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய். ‘செட்டிநாடு’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் உங்களுக்கே சொந்தமாக்கித் தரச்சொன்னால் கிடைப்பது கடினம், அதோடு வேறு தனித்த பெயர் சேர வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் பலகாரப் பொட்டலத்தில் அச்சிட்ட அதன் எண்ணும் பழைய உரிமையாளருக்கானவை. மாற்றத்தை முடிவு செய்ததும் லேபிளைப் பத்தாயிரக்கணக்கில் அடிப்பதை நிறுத்தி, ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் அடியுங்கள்.